சம்பந்திப் பாறையும் ஒரு கொசுறுப் படமும்

"பாடிய மறக்காம எடுத்துட்டு வந்துரு" என்று அக்கா போனில் கத்தியது, காந்திபுரம் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்டுவிட்டது. அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கேமராவின் பாடி என்று விளக்கலாமா என யோசித்தேன். இடம் விசாலமாகக் கிடைத்ததால் விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், ஒரு மாதம் கழித்து இடது கண்ணுக்கு. "ஆஸ்பத்திரில தேதி குடுத்துட்டாவ. அதுக்கு முன்னால சம்பந்திப் பாறைல நம்ம பழைய கேமராவ வச்சு ஒரு ரோல் போட்டுருவோம். கண்ணத் தொறந்த பொறவு எப்பிடித் தெரியுமோ, யாரு கண்டா" என்றாள்.

நம்ம பழைய கேமராவில் பாடி என்னுடையது, லென்ஸ் அவளுடையது. அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்ததால் திருநெல்வேலிக்காரர்களான நாங்கள் மல்காஜ்கிரியில் வளர்ந்தோம். அக்காவுக்கு அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்த சமயத்தில், அவளுடன் வேலை பார்த்தவர் ஒருவர் ஜப்பான் கேமரா ஒன்றை விற்றார். முழுதாக வாங்க இருவரிடமும் வசதி இல்லை. அவள் சம்பளத்தில் லென்ஸும் என் டியூஷன் வருமானத்தில் பாடியும் வாங்கினோம். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி படம் எடுக்க முடியாது. சண்டை போட்டுக்கொண்ட நாட்களில் கேமராவுக்கு விடுமுறை.

என் கல்யாணத்துக்குப் பிறகு கோவைக்குச் சாமான் கட்டும்போது அக்கா லென்ஸைக் கழற்றித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, பாடியை என் பெட்டியில் வைத்தாள். "ரெண்டையும் ஒருத்திகிட்ட குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்று அம்மாதான் திட்டினாள். எங்கள் இருவருக்கும் அது சரியாகவே பட்டது. நான் பாடிக்கு வேறு லென்ஸ் வாங்கிக்கொண்டேன். அவள் லென்ஸுக்கு வேறு பாடி தேடிக்கொண்டாள்.

செகந்திராபாத்தில் இறங்கியதும் வழக்கம்போல என் மூக்குதான் முதலில் ஊரை அடையாளம் கண்டது. டீசல், ஈர சிமெண்ட், எங்கோ வறுபடும் வெங்காயம். வெளியே வந்ததும் ஒரு இரானி டீ. கோவையில் டீ என்றால் ஆற்றி, நுரை கட்டி, கைக்கு வரும்போதே ஒரு சுறுசுறுப்பு இருக்கும். இங்கே அது கெட்டியாக, இனிப்பாக, அவசரமே இல்லாமல் வரும். உப்பும் இனிப்புமான பிஸ்கட்டை அதில் முக்கும் நேரத்தைக் கொஞ்சம் தவறவிட்டால் பாதி உள்ளே விழுந்துவிடும். எனக்கு விழுந்தது. விரலை விட்டு எடுத்தேன். ஊர்க்காரி அல்லவா, வெட்கம் எதற்கு?

அக்கா வாசலிலேயே நின்றாள். "வாட்டி. பாடி எங்க?"

"நானும் வந்திருக்கேன்க்கா."

"ஒன்னத்தான் பாக்கேனே" என்று சொல்லிக்கொண்டே என் பையைத் திறந்தாள். பாடியை எடுத்து மூடியைக் கழற்றி, அலமாரியிலிருந்து லென்ஸைக் கொண்டுவந்து பொருத்தித் திருகினாள். 'டிக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், கூடவே கோங்குரா துவையல். திருநெல்வேலியும் தெலங்கானாவும் ஒரே தட்டில் பேசிக்கொள்ளும் வீடு அது. அத்தான் போன பிறகு அக்காவும் மகள் ஸ்ரவந்தியும் மட்டும்தான். அக்கா சோற்றை வைத்துவிட்டுக் கடைக்காரனைத் திட்டினாள். "வெள்ளரிசின்னு குடுக்கான், பாரு, பழுப்படிச்சுக் கெடக்கு."

"அம்மா, தெல்லகானே உந்தி" என்றாள் ஸ்ரவந்தி. வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அர்த்தம். எனக்கும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. விருந்தாளிக்கு எதற்கு வம்பென்று சொதியை ஊற்றிக்கொண்டேன்.

கை கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். அக்கா சமீப வருஷங்களில் எடுத்த பாறைப் படங்கள், பெரிது பெரிதாகச் சட்டம் போட்டு. பாறையை விட்டுப் பின்னால் தள்ளி நிற்பது, முகப்பில் சின்னதாகக் கள்ளிச்செடியை வைப்பது, வானத்துக்கு மிச்சம் விடுவது, எல்லாம் அவள் கைதான். ஆனால் அத்தனையும் நீலம். பாறை நீலம், புல் நீலம், அவற்றின் மேல் விழும் வெயிலில்கூட நீலம். வாட்ஸ்அப்பில் பார்த்தபோது என் போனைச் சந்தேகித்திருந்தேன். அச்சிலும் அப்படியே இருந்தது.

"என்னக்கா, ஹைதராபாத்தக் கொண்டுபோயி கொடைக்கானல்ல வச்சுட்டியா? டிஜிட்டல் வந்ததும் தலகால் புரியல ஒனக்கு."

"போட்டி. ஒனக்கு ஃபிலிமத் தவிர என்ன தெரியும்?"

அது உண்மையில்லை. கோவையில் என் பிழைப்பே நிலக்காட்சிதான். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் சுவரில் மாட்ட மலைப்படங்கள் எடுத்துத் தருகிறேன். ஊசி போட்டுக்கொள்ளும்போது நோயாளிகள் வெறித்துப் பார்க்கும் வால்பாறை மூடுபனி பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும். அதெல்லாம் டிஜிட்டல். மழை பொழியும்போது துடைத்துக்கொண்டு எடுக்கலாம், இருட்டில் எடுக்கலாம், எடுத்தது வந்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துகொண்டு நிம்மதியாக இறங்கலாம். எனக்கென்று எடுப்பது ஃபிலிமில். மேகம் விலகும்வரை பாறைமேல் உட்கார்ந்து, ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு, எப்படி வந்திருக்குமோ என்ற சந்தேகத்தோடு வீட்டுக்கு வருவது எனக்குப் பிடிக்கும். இரண்டோடும் திருப்தியாக இருக்கிறேன். எது உசத்தி என்று கேட்பவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

மறுநாள் விடியலில் புறப்பட்டோம். நாச்சாரம் தொழிற்பேட்டையைத் தாண்டுவதற்குள் ஆட்டோ இருமி, முனகி, நின்றே போனது. ஓட்டுநர் இறங்கி அதன் பின்பக்கத்தை ஓர் உதை விட்டார். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம், ஆட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்விடுமே என்று எனக்குப் பதற்றம். அக்கா நடுரோட்டில் டிரைபாடைக் குறுக்கே நீட்டி, மல்லாபூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்தினாள்.

ஏற்கெனவே நிறைந்திருந்த வண்டியில் டிரைபாடை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எதிரில் இருந்த இரண்டு தொழிலாளிகள் எங்களைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "நிலம் அளக்க வந்திருக்காங்க."

"இவ்வளவு காலையிலயா?"

"கவர்மெண்ட்டுன்னா காலையில வருமா? பிரைவேட்டு. அபார்ட்மெண்ட் வரப்போகுது, பாரு."

அக்கா அவர்களிடம் தெலுங்கிலேயே, நாங்கள் பாறையைப் போட்டோ எடுக்கப் போகிறோம் என்றாள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. இறங்கும்போது ஒருவர், ஒரு படுக்கையறை வீடு என்ன விலைக்கு வரும் என்று மெதுவாகக் கேட்டார்.

சம்பந்திப் பாறை இருந்தது. ஒரு கிடங்கின் தகரக் கூரை அதன் இடுப்புவரை வந்திருந்தது, பின்பக்கம் மதில் எழுப்பியிருந்தார்கள். ஆனாலும் இரண்டு பெரிய பாறைகளும் பந்தியில் மரியாதை குறைந்துபோன சம்பந்திகள்போல ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றன. அந்தப் பெயரை வைத்தது அப்பா. ஞாயிற்றுக்கிழமை விடியலில் சைக்கிளில் முன்னால் என்னையும் பின்னால் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வருவார். அப்போது கேமரா கிடையாது. சும்மா பார்ப்பதற்காக வருவோம். பனிக்காலத்தில் வெயில் வருவதற்குச் சற்று முன் பாறை மேல் ஒரு மெல்லிய நீலம் படியும். "பாத்துக்கிடுங்க, இப்பப் போயிரும்" என்பார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். கேமரா வாங்கியதும் நாங்கள் முதலில் இங்கேதான் வந்தோம்.

எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு ரோலில் ஒற்றைப்படை எண்கள் அக்காவுக்கு, இரட்டைப்படை எனக்கு. ஃபிலிமைச் சிக்கனமாக மாட்டினால் முப்பத்தாறு முடிந்த பிறகும் இன்னொன்று கிடைக்கும். கீரைக்காரி கடைசியில் போடும் கொத்தமல்லிபோல அது கொசுறு. கொசுறுப் படம் இரண்டு பேருக்கும் சொந்தம். ஒருத்தி ஃபோகஸ் செய்ய வேண்டும், மற்றவள் அழுத்த வேண்டும்.

அன்றும் அப்படியே முறை வைத்து எடுத்தோம். அக்கா வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் தவித்தாள். பிறகு தலையை எடுத்துவிட்டு லென்ஸ் வளையத்தில் பொறித்திருக்கும் தூரக்கணக்கைத் தடவிப் பார்த்து வைத்தாள். "சவத்த விடு. வெரலுக்குத் தெரியும்." இடையிடையே தன் டிஜிட்டல் கேமராவிலும் எடுத்துக்கொண்டாள். அதற்காக லென்ஸைக் கழற்றி ஒரு வளையத்தோடு அதில் மாட்டினாள், மறுபடி என் பாடிக்கு மாற்றினாள். ஒரே லென்ஸ் இரண்டு வீட்டுக்கும் மருமகளாக நடந்துகொண்டிருந்தது.

"முன்ன மாதிரி இல்லட்டி இந்த வெயிலு" என்றாள் நடுவில். "பாத்தியா, எப்பிடி அழுக்கா வருது. எல்லாம் இந்த நாச்சாரத்துப் புகை. பூராவும் மஞ்ச."

நான் வானத்தைப் பார்த்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கழுவிவிட்டதுபோல இருந்தது வெளிச்சம். பாறையில் ரோஜா நிறக் கோடுகள்கூடத் தெரிந்தன. புகையின் வாடையே இல்லை. வயசான காலத்தில் எல்லோரும் வெயிலைக் குறைசொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தாறாவது என் முறை. அதை எடுத்து முடித்ததும் கிடங்குக் காவலாளி கம்போடு வந்தார். "போட்டோ நக்கோ அம்மா, சாப் சில்லாதே." முதலாளி கத்துவாராம்.

"கைக்கு நக்கோ? பத்தர்கா போட்டோ!" என்று அக்கா சண்டைக்குப் போனாள். கல்லைத்தானே எடுக்கிறோம், ஏன் கூடாது?

"கல்லு சாப்போடது அம்மா" என்றார் அவர், பாவமாக. "ஹவ், ஹவ்", ஆமாம் ஆமாம் என்று அக்கா டிரைபாடை மடக்கினாள். ஃபிலிம் நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் சுற்றியது. கொசுறு உள்ளே பத்திரமாக இருந்தது.

அன்று மாலை அக்கா மடிக்கணினியைத் திறந்து, காலையில் எடுத்த டிஜிட்டல் படங்களைக் காட்டினாள். திரையில் வந்தது, நான் அன்று காலை பார்த்த அதே பாறை. அதே ரோஜா நிறக் கோடுகள்.

"பாரு, மஞ்சக்காமால புடிச்சது கணக்கா" என்றாள் அக்கா. நிறத்தை மாற்றும் கோட்டில் விரலை வைத்து நீலத்தின் பக்கம் தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். படம் ஜில்லிட்டுப்போய், சுவரில் இருந்தவற்றின் நிறத்துக்கு வந்ததும் விரலை எடுத்தாள். "இப்பத்தான் சரி. நம்ம சின்ன வயசுல இருந்தது இதான். கேமராவுக்குப் புகையும் சேந்து விழுந்துருது. நாமதான் தொடச்சி எடுக்கணும்."

அரிசி, வெயில், சுவர், எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தன. மஞ்சள் வானத்தில் இல்லை, புரை விழுந்த அவள் கண்ணில் இருந்தது. புகையைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக அவள் தன் கண்ணைத் துடைத்திருக்கிறாள். டிஜிட்டலின் பகட்டு என்று நான் கேலி வேறு செய்திருக்கிறேன்.

"இதுல பன்னெண்டு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். "காலண்டர் போடணும். சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் குடுக்கணும். நா ஆஸ்பத்திரில இருக்கப்ப நீ பிரஸ்ல குடுத்துரு. வந்ததும் புதுக் கண்ணால பாக்கணும்லா." பென்டிரைவை என் கையில் வைத்து மூடினாள்.

சமையலறைக்குப் போனேன். ஸ்ரவந்தி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "செப்பொத்து சித்தி, சொல்லிராதீங்க. ப்ளீஸ். நா நெட்ல படிச்சேன். கேடராக்ட் இருந்தா மஞ்சளா தெரியுமாம்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?"

"நைட் ஃபுல்லா உக்காந்து பண்ணுவாங்க சித்தி. எவ்ளோ ஹாப்பியா இருப்பாங்க தெரியுமா? எப்படிச் சொல்றது?"

நானும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒருத்தியிடம் உன் சுவர் முழுக்கத் தப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் கட்டை அவிழ்த்ததும் அவள் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவாள். அதை நினைத்துத்தான் பயந்தேன். நன்றாகப் பார்ப்பதற்காகச் செய்யும் ஆபரேஷன் நன்றாக நடக்கக் கூடாதே என்று ஒரு கணம் நினைத்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு.

மறுநாள் ஆபரேஷன் சீக்கிரமே முடிந்தது. வெளியே வந்தவள் ஒரு கண்ணில் மூடியோடு இட்லி கேட்டாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் இட்லி என்ற பெயரில் கொடுத்ததை எங்கள் ஊர்ப்பக்கம் கதவு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுக்கலாம். வேர்க்கடலைச் சட்னிதான் காப்பாற்றியது. "பிரஸ்ல குடுத்தியா?" என்றாள் சாப்பிட்டுக்கொண்டே.

"மூடியிருந்துச்சு." பென்டிரைவ் என் கைப்பையில்தான் இருந்தது. அந்தப் பக்கமே நான் போகவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் கட்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். ஆட்டோவில் வரும்போது கண்ணாடியின் ஓரத்தால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஏட்டி, அந்தப் பஸ்ஸு என்ன வெள்ள! வானத்தப் பாரேன்!" என்று சிறுபிள்ளைபோல என் தொடையில் அடித்தாள். ஸ்ரவந்தி என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். நேராகச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

ஒவ்வொரு சட்டமாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

"ஸ்ரவந்தி" என்றாள் பிறகு. "இதெல்லாத்தையும் யாரு சொட்டு நீலத்துல முக்குனது?"

அக்கா திரும்பி எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தாள். அந்த முகங்களில் படிக்க வேண்டியது எல்லாம் தெளிவாக எழுதியிருந்திருக்க வேண்டும்.

"அப்ப நாச்சாரத்துல புகை இல்ல."

"கொஞ்சம் இருக்கும்க்கா" என்றேன்.

"பிரஸ்ஸு மூடல."

"இல்ல."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. "கண்ணுல தண்ணி படப்படாதுன்னு சொன்னாவ" என்று தானே தன்னை அதட்டிக்கொண்டாள். ஸ்ரவந்தி பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"சரி பண்ணிரலாம்க்கா. ஒரிஜினல் எல்லாம் கம்ப்யூட்டர்லதான இருக்கு? டிஜிட்டல்ல அதான் நல்லது. கோட்ட இந்தப் பக்கம் தள்ளுனா போதும்."

அக்கா கேட்டதாகத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துச் சம்பந்திப் பாறைப் படத்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். வலது உள்ளங்கையைக் குழித்து, ஆபரேஷன் செய்த கண் மேல் படாமல் மறைத்தாள். மிச்சமிருந்த இடது கண்ணால், புரையோடு இருக்கும் பழைய கண்ணால், படத்தைப் பார்த்தாள்.

"இதுல சரியாத்தாம்ட்டி இருக்கு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வெயிலு வாரதுக்கு முன்னால. அப்பா சொல்லுவாருல்லா, பாத்துக்கிடுங்க, இப்பப் போயிரும்னு. அதேதான். நா அதத்தான் புடிச்சு வச்சிருக்கேன்." கையை எடுத்தாள், மறுபடி மறைத்தாள். "அடுத்த மாசம் இந்தக் கண்ணயும் எடுத்துருவாவ. அதுக்குள்ள பாத்துக்கிடுதேன்."

நான் உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்தேன். என் பாடியில் அவள் லென்ஸ் இன்னும் மாட்டியே இருந்தது. அக்காவும் படமும் சேர்ந்து விழும்படி சுவருக்குப் பக்கவாட்டில் டிரைபாடை நிறுத்தினேன். சாத்திய ஜன்னலின் இடுக்கு வெளிச்சம் போதுமானதாக இருந்தது, ஷட்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைத்தால். தள்ளி இருந்தே ஷட்டரை அழுத்த உதவும் கம்பியைப் பொத்தானில் திருகி மாட்டி, அதன் மறுமுனையை அக்காவின் இடது கையில் கொடுத்தேன்.

"என்னட்டி இது?"

"கொசுறு. நா ஃபோகஸ் பண்ணிட்டேன். நீ அமுக்கு, நீ விடுத வரைக்கும் தெறந்தே இருக்கும். ஆடாம இரு."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வலது கண்ணை மறைத்த கை அப்படியே இருக்க, பழைய கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல், கட்டைவிரலால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஷட்டர் திறந்தது. அவளாக விடட்டும் என்று நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் விடவே இல்லை.